ஆபீஸ்காரர் வீட்டுத் தட்டுகள்

போன வாரம் நம் ஏழாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பழைய போட்டோ வந்தது. போட்டவள் அன்றைக்கு நம் வகுப்பு லீடர், இன்றைக்கு ஐரோலியில் மாமியாரை மிரட்டிக்கொண்டிருப்பவள். படத்தில் தாராவியில் நாங்கள் இருந்த வீட்டின் தகரக் கதவு. அதன் முன்னால் தோளில் துணிப்பையோடு ஓர் இளம்பெண். பக்கத்தில் எண்ணெய் வழியத் தலை வாரிய நான். எனக்குப் பின்னால், வெள்ளை முழுக்கைச் சட்டையைக் கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டு, மூச்சை அடக்கி நிற்கும் அப்பா. கீழே அவள் கேட்டிருந்தாள்: "உங்க அப்பா எந்த ஆபீஸ்ல இருந்தாரு? செம டீசண்டா இருக்காரே."

அந்தக் கேள்விக்கு நீங்கள் பதினோரு பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தீர்கள். நான் பதில் போடவில்லை. கண்ணாடியைத் தேடி எடுத்து, படத்தைப் பெரிதாக்கி, அப்பாவின் சட்டைக் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வரியில் சொல்லிவிடக்கூடிய பதில்தான். முப்பது வருஷமாக அந்த ஒரு வரியைச் சொல்லாமல் இருந்தவளுக்கு இப்போது நீட்டித்தான் எழுத வருகிறது. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள், மற்றவர்கள் வழக்கம்போல ரோஜாப்பூ அனுப்பி குட் மார்னிங் சொல்லலாம்.

படத்தில் இருக்கும் அக்காவை உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்த வருஷம் மழை விட்டதும், செம்பூரிலிருந்து வரும் நம் அறிவியல் சார் ஒரு புதுச் செய்தி கொண்டுவந்தார். வேலை, படிப்பு எல்லாவற்றையும் ஒரு வருஷம் ஒதுக்கி வைத்துவிட்டு, ரயிலிலும் பஸ்ஸிலும் நாடு முழுக்கப் போகிற இளைஞர்கள் சிலர் இருக்கிறார்களாம். வாலண்டியர்கள் என்றார். தண்ணீரை எங்கே எப்படிச் சேமிக்கிறார்கள், குப்பையை என்ன செய்கிறார்கள், மண்ணை எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று பார்த்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதுவார்களாம். நாம் நம் வீட்டில் சோதித்துப் பார்த்துப் பதில் எழுத வேண்டும். ஆறு பேருக்கு ஒரு வாலண்டியர். என் ஆறு பேருக்கு வந்தது அந்தக் கோயம்புத்தூர்ப் பக்கத்து அக்கா. நம் வகுப்புக்கு வந்த வாலண்டியர்களில் தமிழில் எழுதத் தெரிந்தவர் அவர் மட்டும்தான், அதனால் மற்ற பிள்ளைகளுக்கு எங்கள் மேல் கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

மாதத்துக்கு ஒரு பெரிய பழுப்பு உறை பள்ளிக்கு வரும். உள்ளே ஆறு தாள்கள், ஆளுக்கு ஒன்று, மேலே அவரவர் பெயர். என் பெயரைப் போட்டு எனக்கென்று ஒருவர் எழுதியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

உங்களுக்கு அது ஒரு வீட்டுப்பாடம். எனக்கு அது வேறாக இருந்ததற்குக் காரணம் உண்டு. அந்த ஜூலையில் அம்மா பிரசவத்துக்காக அம்பாசமுத்திரம் போயிருந்தாள். தம்பி குறை மாதத்தில் பிறந்து, அவளுக்கும் உடம்பு தேறாமல், 'இப்ப ரயில் ஏறக் கூடாது' என்று டாக்டர் சொல்லிவிட்டார். எட்டு மாதம் வரவில்லை. நமக்குக் காலை ஷிப்ட். ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்து, கழுத்துக் கயிற்றில் தொங்கும் சாவியால் பூட்டைத் திறந்தால், அப்பா வரும் ஏழரை வரை அந்த ஒற்றை அறையில் நான் மட்டும்தான். அடுத்த வீட்டுத் தையல் மெஷின் ஓடும், நிற்கும், ஓடும். அது நிற்கும்போது எனக்கு அழுகை வரும். காரணமெல்லாம் கிடையாது. யாரிடமாவது ஒரு வார்த்தை பேச வேண்டும் போல இருக்கும், பேச ஆளிருக்காது. அவ்வளவுதான்.

அக்காவின் கடிதத்தை அந்த நேரத்தில் சத்தம் போட்டுப் படிப்பேன். ஒரு பெண்குரல் அறைக்குள் கேட்க வேண்டும் என்பதற்காக. குஜராத் உப்பளத்திலிருந்து எழுதியபோது தாளுக்குள் ஒரு உப்புக்கல்லை மடித்து அனுப்பியிருந்தார். அரை விரல் அளவு, ஓரத்தில் லேசான ரோஜா நிறம். பவுடர் டப்பாவில் வைத்து, தினமும் ஒரு தடவை நக்கிவிட்டு மூடிவைப்பேன். அடுத்த மழைக்காலத்தில் திறந்து பார்த்தால் டப்பாவில் ஈரம்தான் இருந்தது.

நானும் பக்கம் பக்கமாக எழுதினேன். ஆனால் அம்மா ஊரில் இல்லை என்பதை மட்டும் எழுதவில்லை. அப்பாவைப் பற்றியும் பொய்தான் எழுதினேன். அதற்கும் அக்காவின் கடிதம்தான் காரணம். இரண்டாவது உறையில், ஏதோ ஒரு ஊர் ரயில் நிலையத்துக்கு வெளியே குப்பை பொறுக்கும் மனிதர்களைப் பார்த்ததாகவும், அவர்கள் கைகளைப் பார்த்ததும் அன்று ராத்திரி அழுதுவிட்டதாகவும் எழுதியிருந்தார். என் அப்பாவின் கைகளும் அப்படித்தான் இருக்கும். அப்பா பொறுக்குகிறவர் இல்லை, பிரிக்கிறவர். தாராவியிலேயே பதின்மூன்றாம் காம்பவுண்டில் ஒரு பட்டறையில், மும்பை முழுக்கத் தூக்கி எறிந்து கோணியில் வந்து சேரும் பிளாஸ்டிக்கை வகை வகையாகப் பிரிப்பார். ஒரு துண்டைத் தரையில் தட்டுவார், சத்தத்தை வைத்து வகையைச் சொல்வார். சந்தேகம் வந்தால் தீக்குச்சியில் கொளுத்தி முகர்ந்து பார்ப்பார். அந்தப் புகை வாசம் அவர் தலைமுடியிலேயே குடியிருந்தது. விரல்களில் வெட்டு இல்லாத இடம் கிடையாது.

அக்கா என்னை நினைத்து அழக் கூடாது என்று எனக்கு இருந்தது. இன்னும் உடைத்துச் சொன்னால், வெட்கமாக இருந்தது. 'என் அப்பா மாட்டுங்காவில் ஆபீஸில் வேலை பார்க்கிறார்' என்று எழுதினேன். உங்களிடமும் 'கம்பெனி வேலை' என்றுதான் சொல்லியிருந்தேன். அக்காவுக்காக அதைக் கொஞ்சம் உயர்த்தினேன்.

பிறகு வந்தது அந்த வாரப் பை. சார் ஆளுக்கு ஒரு துணிப்பை கொடுத்தார், ஞாபகம் இருக்கிறதா? ஒரு வாரம் வீட்டில் தூக்கி எறிகிற காகிதம், பிளாஸ்டிக், தகரம் எல்லாவற்றையும் அதில் போட்டுத் திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும். எடை போட்டு வாலண்டியருக்கு எழுத வேண்டும். வெறும் கையோடு வருகிறவர்கள் வராந்தாவில் நிற்க வேண்டும். கூடவே இன்னொன்றும் சொன்னார்: பிப்ரவரியில் வாலண்டியர்கள் எல்லாரும் மும்பை வருகிறார்கள், ஒவ்வொருவரும் தன் ஆறு பேரில் நன்றாகச் செய்கிற ஒருவர் வீட்டுக்கு மட்டும் வந்து, உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஒரு நாள் மத்தியானம், தையல் மெஷின் நிற்கிற நேரத்தில், அக்கா எங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆனால் பை நிறைய மறுத்தது. பிளாஸ்டிக் பிரிக்கிறவர் வீட்டில் எதைத் தூக்கி எறிவார்கள்? பால் கவரைக் கழுவிக் கொடியில் காயப்போடுவோம். எண்ணெய் டின் தண்ணீர் மொள்ளும் குவளை. ஆறு நாளில் ஒரு தீர்ந்த ரீஃபில், ஒரு உடைந்த ஹேர் கிளிப், இரண்டு பிஸ்கட் உறை சேர்ந்திருந்தன. சனிக்கிழமை சாயங்காலம் பார்த்தால் அதுவும் இல்லை.

"எப்பா, இந்தப் பையில கெடந்தத எங்க?"

"நல்ல மால்லா, சும்மா கெடந்துச்சேன்னு பட்டறைக்கி எடுத்துட்டுப் போயிட்டேன். ஏன் கேக்க?"

பட்டறைக்காரர்களுக்குப் பழைய பிளாஸ்டிக் எல்லாமே 'மால்', சரக்கு. அவரோடு சண்டை போட்டு என்ன பிரயோஜனம். மறுநாள் ஞாயிறு, அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனவள், அவர் கை கழுவப் போன நேரத்தில் குவியலில் இருந்து கைக்கு வந்ததையெல்லாம் பைக்குள் தள்ளினேன். வெளிநாட்டு எழுத்துப் போட்ட ஷாம்பூ பாட்டில், ஐஸ்கிரீம் கிண்ணங்கள், ஒரு பொம்மையின் கால், சிப்ஸ் உறைகள். திங்கட்கிழமை சாரின் தொங்கு தராசில் வகுப்பிலேயே அதிகம் என் பைதான். சார், "நல்லா சின்சியரா சேர்த்திருக்கே" என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அக்காவின் பதில் வந்ததும் பெருமை இறங்கிவிட்டது. 'இவ்வளவு வீணாகிறதே கண்ணு. ஒரு வீட்டுக்கு இது ரொம்ப அதிகம். அம்மாவிடம் பேசு. அடுத்த மாதம் குறைத்துக் காட்டு' என்று எழுதியிருந்தார். அம்மாவிடம் பேசு என்ற இடத்தை மட்டும் நான் சத்தமாகப் படிக்கவில்லை.

குறைத்துக் காட்டுவதில் எனக்கென்ன கஷ்டம்? பட்டறைப் பக்கம் போகாமல் இருந்தால் போதும். அடுத்த தடவை பையில் ஒரே ஒரு தீப்பெட்டி. தராசு முள் நகரவில்லை. சார் வகுப்பையே கைதட்டச் சொன்னார். நீங்கள் எல்லாரும் தட்டினீர்கள். 'நீ என் ஆறு பேரில் பெரிய மாற்றம் செய்தவள். பிப்ரவரியில் உன் வீட்டுக்குத்தான் வருவேன்' என்று அக்கா எழுதினார். அந்தத் தாளை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள்.

வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு சாயங்காலம், அப்பா சோறு வடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"எப்பா, அக்கா என்ன வேலன்னு கேட்டா மாட்டுங்கால ஆபீஸ்னு சொல்லுதியா?"

அப்பா கஞ்சியைக் கடைசிச் சொட்டு வரை வடித்தார். பானையை நிமிர்த்தினார். என்னைப் பார்க்காமல், "சரி" என்றார். மூடியை எடுத்து வைத்துவிட்டு, "ஆபீஸ்ல என்ன வேலன்னு கேட்டாவன்னா?" என்றார்.

"ஃபைல் வேலன்னு சொல்லு."

"சரி, சொல்லுதேன்."

ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதட்டியிருக்கலாம், இரண்டு அடிகூடப் போட்டிருக்கலாம். இன்றைக்கு எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அவள் என்னிடம் இப்படி ஒன்று கேட்டால் நான் என்ன ஆவேன்? அன்றைக்கு எனக்கு நிம்மதிதான் வந்தது.

அக்கா வரும் சனிக்கிழமை அப்பா பாதி நாள் லீவு போட்டார். முதலில் எங்கள் சந்து முனையில் இஸ்திரி போடுகிற ஊர்க்காரரிடம் போய், மாட்டுங்கா வாடிக்கையாளர் ஒருவரின் வெள்ளைச் சட்டையை இரண்டு மணி நேரத்துக்கு வாங்கி வந்தார். கையை முழுக்க இறக்கி, மணிக்கட்டில் பொத்தான் போட்டார். அப்புறம் ஒரு பெரிய கவரைப் பிரித்தார். உள்ளே தெர்மகோல் தட்டுகள், பளபளவென்று பிளாஸ்டிக் கப்புகள், ஸ்பூன்கள், சீல் உடைக்காத தண்ணீர் பாட்டில்கள். மாட்டுங்கா ஹோட்டலில் வாங்கிய இட்லி. சட்னி, சாம்பார் எல்லாம் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பைகளில்.

"எதுக்குப்பா இதெல்லாம்? நம்ம தட்டு இருக்குல்லா."

"ஆபீஸ்காரவ வீட்ல விருந்தாளி வந்தா இதுலதான் வைப்பாவ. எனக்குத் தெரியாதாளா? மாட்டுங்கா மாலு, செம்பூர் மாலு எல்லாம் நாந்தான பிரிக்கேன். அவ்வ வீட்ல ஞாயித்துக்கெழம விருந்துன்னா, செவ்வாக்கெழம எங்க கோணியில தெரிஞ்சிரும்."

ஆபீஸ்காரர்களின் வீட்டுக்குள் அப்பா ஒரு நாளும் போனதில்லை. அவர்கள் எறிந்ததை வைத்துத்தான் அவர்களைத் தெரியும். அந்த அறிவை முழுக்கச் செலவழித்து எனக்காக அப்படி ஒரு வீட்டை உண்டாக்கி வைத்திருந்தார். ஐந்து மாதமாகக் குப்பையைப் பற்றியே கடிதம் எழுதிக்கொண்டிருந்த எனக்கும் அந்த நேரத்தில் எதுவும் உறைக்கவில்லை. வீடு அழகாக இருப்பதாகத்தான் நினைத்தேன்.

சார் அக்காவைக் கூட்டிவந்தார், லீடரும் வழிகாட்ட வந்தாள். வாசலில் வைத்து சார் எடுத்ததுதான் அந்தப் படம். எடுத்துவிட்டு அவர்கள் இரண்டு பேரும் அடுத்த வாலண்டியரைக் கூட்டிப்போகக் கிளம்பிவிட்டார்கள்.

அக்கா உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். நான் நினைத்ததைவிடக் குள்ளம். கால் விரலில் மண். சிரித்துக்கொண்டே திரும்பியவர் தட்டுகளைப் பார்த்தார். கப்பைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் கண் அதில் சேரவில்லை.

"அம்மா இல்லீங்களா?"

"ஊருக்குப் போயிருக்கா. பிள்ளப்பேறு" என்றார் அப்பா.

"அண்ணா எந்த ஆபீஸுங்க?"

அப்பா ஒரு நொடி என்னைப் பார்த்தார். "மாட்டுங்கால. ஃபைல் வேல."

அக்கா இட்லியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். தண்ணீருக்குத் தன் பையிலிருந்த சில்வர் பாட்டிலை எடுத்துக் குடித்தார். சாப்பிட்டு முடித்ததும் அப்பா எழுந்து, தட்டு, கப்பு எல்லாவற்றையும் எடுத்து ஒரு வாளிக்குள் போட்டார். தூக்கி எறிந்து பழக்கமில்லாத கை. எறிவதுபோல் காட்டினாரே தவிர, ஒன்றின் மேல் ஒன்றாக, நொறுங்காமல்தான் வைத்தார். நான் அதைப் பார்த்தேன், அக்கா பார்க்கவில்லை.

தொண்ணூறு அடி ரோட்டு பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன். பாதித் தூரத்தில் அக்கா நின்று, என் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"கண்ணு, ரெண்டாவது தடவ பை எடையே இல்லன்னு எழுதியிருந்தியே, அது நெசந்தானா?"

அதுதான் நிஜம். பொய்யாக இருந்தது முதல் பை. அதைச் சொல்ல வேண்டுமானால், அந்தக் குப்பை எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். பட்டறையைச் சொல்ல வேண்டும், அப்பாவின் கைகளைச் சொல்ல வேண்டும். அக்கா எங்களை நினைத்து அழுவார். அதைவிட நான் பொய்க்காரியாக இருந்துவிடலாம் என்று தோன்றியது.

"இல்லக்கா. பொய்தான் எழுதினேன்."

அக்கா நிமிர்ந்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "போச்சாது விடு" என்று தன் ஊர்ப் பேச்சில் 'பரவாயில்லை' சொல்லி என் தலையைத் தடவினார். "அதுக்கு எழுதாமயே இருந்திருக்கலாங் கண்ணு." பஸ் வந்தது. ஏறிப்போய்விட்டார். ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்ப்பார் என்று நின்றேன், கூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு உறைகள் வந்தன. மற்ற ஐந்து பேருக்கும் தாள் இருந்தது, எனக்கு இல்லை. வழியில் எங்காவது விழுந்திருக்கலாம், அல்லது நான்தான் பதில் எழுதுவதை நிறுத்திவிட்டேன் என்று அவர் நினைத்திருக்கலாம். இப்போது அப்படியெல்லாம் யோசிக்க வருகிறது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஒரு மணிக்குப் பூட்டைத் திறந்தால் சத்தம் போட்டுப் படிக்கப் பழைய தாள்கள்தான் உண்டு.

அன்றைக்கு பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்தபோது இஸ்திரிக்காரரிடம் சட்டை போய்விட்டிருந்தது. அப்பா பனியனோடு குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, வாளியிலிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழுவிக்கொண்டிருந்தார். தெர்மகோல் அழுத்தினால் உடையும் என்பதால் விரல் நுனியால் தடவித் தடவி. வெட்டுகளில் சோப்பு பட்டு எரிந்திருக்கும்.

"ஏளா, அந்தப் பிள்ள சந்தோசமாத்தான போனா?"

"ஆமாப்பா."

"நா ஆபீஸ்காரன் மாதிரி இருந்தேனா?"

அவர் தலையைத் தூக்கவில்லை. கேலியாகக் கேட்டாரோ, குத்திக் காட்டினாரோ என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். இரண்டும் இல்லை. நான் கேட்டதைச் சரியாகச் செய்தோமா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "இருந்தேப்பா" என்றேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. தட்டுகளையும் கப்புகளையும் துடைத்து அடுக்கி, கவரில் போட்டு, நைலான் நாரால் கட்டிப் பரணில் வைத்தார்.

"அடுத்த தடவ வந்தா வேணும்லா."

மார்ச்சில் அம்மா தம்பியோடு வந்தாள். தம்பியின் முதல் பிறந்தநாளுக்கு அவள் அந்தக் கட்டை எடுக்கப் போனபோது அப்பா விடவில்லை, அது விருந்தாளிக்கு என்றார். பிறகு மான்குர்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்துக்கு மாறினோம், அந்தக் கட்டும் கூடவே வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பா போனார். அந்த வீட்டுப் பரணில் இன்னும் இருக்கிறது, எட்டு தட்டு, எட்டு கப்பு. நார் மட்டும் இற்றுவிட்டது, நான்தான் புதிதாகக் கட்டி வைத்தேன். அக்கா வர மாட்டார் என்று அப்பாவிடம் நான் கடைசி வரை சொல்லவில்லை.

லீடர், உன் கேள்விக்கு வருகிறேன். படத்தில் இருக்கும் அந்தச் சட்டை மாட்டுங்காவில் ஏதோ ஓர் ஆபீஸுக்குப் போய்வந்துகொண்டிருந்தது. என் அப்பா பதின்மூன்றாம் காம்பவுண்டில் பிளாஸ்டிக் பிரித்துக்கொண்டிருந்தார்.